கரண்டி படாத கிச்சுரி

டாக்குரியாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் தரைத்தளத்தில் ஒரு கட்டில் செங்கல் மேல் நின்றது. கால் ஒவ்வொன்றுக்கும் கீழே அடுக்கி வைத்த செங்கற்கள். கல்கத்தாவில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்களில் முக்கால்வாசிக் கட்டில்கள் இப்படிப் பொய்க்கால் கட்டிக்கொண்டுதான் நிற்கும். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியும் வெங்காயக் கூடையும் இருக்கும். தண்ணீர் வந்தால் அவையும் கட்டில் மேல் ஏறிக்கொள்ளும்.

அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரை நான் தாதா என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை பௌதி என்பேன். அண்ணன், அண்ணி என்று அர்த்தம். நாங்கள் முதல் மாடி. தாதா பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்றுக்கொடுத்தவர். உலகத்து நதிகளையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், நாலைந்து வார்த்தைகள் மட்டும் மிச்சம் இருந்தன. அதிலும் எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பிசியோதெரபி செய்ய வரும் பெண் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கும்போது அவர் பாதம் தரையில் பட வேண்டும். தரை தெரிந்தால்தான் காலுக்கு ஊன்றும் நினைப்பே வரும். செங்கலை எடுத்துவிடுங்கள். அவர் கால்களோ அந்தரத்தில் தொங்கின. காலடியில் ஸ்டூல் போட்டுப் பார்த்தார்கள், அது சறுக்கியது. நாற்காலிக்கு மாற்றலாம் என்றால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தினமும் இரண்டு வேளையும் பௌதி எங்கே போய் ஆள் பிடிப்பார்?

பௌதிக்கும் செங்கலை எடுக்க ஆசைதான். ஆனால் போன வருஷ துர்கா பூஜையில் நவமியன்று தண்ணீர் கட்டிலின் சட்டம் வரைக்கும் வந்ததைப் பார்த்தவர் அவர். செங்கல் இல்லாவிட்டால் மெத்தை நனைந்திருக்கும், மெத்தை மேல் படுத்திருந்தவரும் நனைந்திருப்பார். "ஒரு பூஜை மழை உள்ளே வராம போகட்டும், நானே எடுத்துடறேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவர் பேசுவது வங்காளம். இங்கேயே பிறந்து வளர்ந்த என் காதில் அது தமிழாகவே விழுந்து பழகிவிட்டது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அந்த நவமி மழையில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கள் வாசலுக்கு நேராக மழைத் தண்ணீர் இறங்கும் குழி இருக்கிறது. அதன் இரும்புச் சல்லடையில் எதுவோ அடைத்திருந்தது. கையை விட்டு இழுத்தால் பிளாஸ்டிக் டப்பா. அதன் மூடியில் துர்க்கை அம்மன் முகம், கீழே எங்கள் பூஜை கமிட்டியின் பெயர். அடுத்ததை இழுத்தேன். அதிலும் அதே முகம், அதே மூன்று கண். இழுக்க இழுக்க அம்மன் வந்துகொண்டே இருந்தாள்.

அது எப்படி அங்கே போனது என்பது எங்கள் பேட்டைக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த புத்திசாலித்தனம். அஷ்டமியன்று பந்தலில் அம்மனுக்குப் படைத்த, அரிசியும் பருப்பும் குழைய வெந்த கிச்சுரியும் லாப்டா என்ற காய்கறிக் கூட்டும் பேட்டை முழுவதற்கும் கொடுப்போம். போக் என்று அதற்குப் பெயர். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சால் மரத்து இலையில் தைத்த தட்டு. வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு, சில வருஷங்களாக, பிளாஸ்டிக் டப்பா. போன வருஷம் செகரெட்டரிக்கு ஒரு யோசனை தோன்றி, ஒவ்வொரு மூடியிலும் அம்மன் முகத்தை ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார். சாப்பிட்டு முடித்தவர்களுக்குச் சங்கடம் வந்துவிட்டது. அம்மன் முகத்தை மீன் முள்ளோடு குப்பைக்கூடையில் போடலாமா? பழைய சாமி படத்தையும் வாடிய பூவையும் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். டப்பாவைக் கழுவி, துடைத்து, பக்தியோடு கொண்டுவந்து எங்கள் வாசல் மரத்தடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். மறுநாள் மழை வந்து எல்லாவற்றையும் ஒரே குழியில் விசர்ஜனம் செய்துவிட்டது. பாவம் செய்யக்கூடாது என்ற பயத்தில் ஒரு நோயாளியின் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார்கள்.

இந்த வருஷம் பூஜைக்கு முன்பு கமிட்டிக் கூட்டம் நடந்தது. எங்கள் கிளப்பில் எந்தக் கூட்டமும் கேரம் போர்டைச் சுற்றித்தான் நடக்கும். பௌதி வந்தார். கூட்டத்துக்கெல்லாம் வருகிறவர் இல்லை, வந்தாலும் பேசுகிறவர் இல்லை. புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து கேரம் போர்டின் நடுவில் வைத்தார். போன வருஷத்து டப்பா. அம்மனின் ஒரு கண் அழிந்திருந்தது.

"இது என் வாசல் சாக்கடையிலேர்ந்து எடுத்தது. துர்க்கை அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்த வீட்டுக்கு வர்றா. என் வீட்டுக்கு மட்டும் அவ இந்த வழியாவா வரணும்?" என்று கேட்டார்.

செகரெட்டரி மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி பௌதி, இந்த வருஷம் ஸ்டிக்கர் வேண்டாம்னு வெச்சுக்கலாம்" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "முகத்தை எடுத்துட்டா டப்பா தண்ணியில கரைஞ்சிடுமா?" என்றேன். மண்சட்டி வாங்கலாம் என்றார் ஒருவர். மண்சட்டியைத் தூக்கிப் போட்டாலும் அதே குழிக்குத்தான் வரும் என்றார் பௌதி. அவரவர் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரட்டும், அவ்வளவுதானே என்றேன் நான். எனக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை.

அப்போதுதான் காகிமா நிமிர்ந்து உட்கார்ந்தார். போக் சமையலுக்கு அவர்தான் பொறுப்பு. சமைத்துப் படைக்கும் வரை பட்டினி கிடந்து, குளித்த புடவையோடு அடுப்படியில் நிற்பவர். காகிமா என்றால் சித்தி; பேட்டை முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடும், பயப்படுவதும் பேட்டை முழுவதும்தான்.

"வீட்டுப் பாத்திரமா? முந்தாநாள் இலிஷ் மீன் வறுத்த சட்டியைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. என் கரண்டி அதுல படும். பட்ட கரண்டி மறுபடி அம்மாவோட அண்டாவுக்குள்ள போகும். அதுக்கப்புறம் நிக்கிறவங்களுக்கு நான் போக் கொடுக்கிறேனா, மீன் குழம்பு கொடுக்கிறேனா?"

பிளாஸ்டிக் டப்பா எங்கள் பந்தலுக்குள் வந்தது சோம்பேறித்தனத்தால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது சுத்தத்துக்காக வந்திருக்கிறது. புது டப்பாவுக்குப் பூர்வாசிரமம் கிடையாது. அதில் யாரும் மீன் வறுத்ததில்லை. காகிமா சொன்னதில் நியாயம் இருந்தது. பௌதியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் மாமியார் காலத்திலிருந்து அந்த அண்டாவைக் கும்பிட்டவர்தான். தோற்றுப்போனது தெரிந்து, டப்பாவை எடுத்து மறுபடி தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்.

"கரண்டி படாம ஊத்தினா?" என்று கேட்டேன்.

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். இந்த ஊர்த் தமிழர்களின் கல்யாணம், ராமநவமிச் சாப்பாடு எதுவானாலும், மீசை முளைத்த நாளிலிருந்து சாம்பார் வாளி என் கையில்தான். பந்தியில் சட்டம் ஒன்றே ஒன்று. கரண்டி இலையில் படக்கூடாது. பட்டால் எச்சில், வாளியையே மாற்ற வேண்டும். தண்ணீரையும் அண்ணாந்துதான் குடிப்போம், டம்ளர் உதட்டில் படாது. உண்மையைச் சொன்னால் இந்த எச்சில் கணக்கு எனக்குப் பிடித்ததே இல்லை. மனிதனை மனிதன் தள்ளி வைப்பதற்குக் கண்டுபிடித்த வித்தைகளில் இதுவும் ஒன்று என்று வீட்டில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். வாய் சண்டை போட்டதே தவிர, கை பழகிவிட்டது.

கேரம் போர்டு மேல் யாரோ டீ குடித்துவிட்டு வைத்திருந்த சின்ன மண்குவளை இருந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, மார்பு உயரத்திலிருந்து தண்ணீரை அதற்குள் இறக்கினேன். நூல் பிடித்தாற்போல் இறங்கியது. போர்டு நனையவில்லை. காகிமா குனிந்து விரலால் போர்டைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி வேற, கிச்சுரி வேற" என்றார். பிறகு, "மதராஸி, நீயே ஊத்து. ஒரே ஒரு தடவை பட்டாலும் அண்டாவை மூடிடுவேன். செகரெட்டரி, போன வருஷ மிச்ச டப்பாவெல்லாம் இருக்கில்ல? கையோட எடுத்து வெச்சுக்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பேங்க்லருந்துதான் ரிட்டயர் ஆனீங்க, இந்த வாளியிலருந்து எப்ப ஆகப்போறீங்க? காபி ஆத்தயிலயே கை ஆடுது. ஊருக்கெல்லாம் ஊத்தப் போறாங்களாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "கிச்சுரியை ஊத்திருவீங்க, சரி. கூட்டு ஊத்தினா விழுமா? கரண்டியைச் சுண்டி விடணும்லா? அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொரியல் எல்லாம் மேலேயிருந்துதான் விழுந்தது. சிலது தட்டிலும் விழுந்தது.

அஷ்டமி வந்தது. புஷ்பாஞ்சலி முடிந்து, அம்மனுக்குப் படைத்து, காகிமா அண்டாவின் மூடியைத் திறந்தார். நெய்யும் வறுத்த பாசிப்பருப்பும் கலந்த வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். வரிசை பந்தலைத் தாண்டி, முனையில் திரும்பி, கண்ணுக்கு மறைந்திருந்தது. பாத்திரம் கொண்டுவரும்படி வீடு வீடாகச் சொல்லியிருந்தோம், ஆனாலும் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து டப்பா கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். செகரெட்டரியும் அப்படித்தான் நினைத்து டப்பாக் கட்டுகளை நாற்காலிக்கு அடியில் தயாராக வைத்திருந்தார்.

ஒவ்வொரு கையிலும் பாத்திரம் இருந்தது.

பிடி போன பிரஷர் குக்கர், ரைஸ் குக்கரின் உள்பாத்திரம், பால்காரரின் கேன், கல்யாணச் சீர் வெண்கலப் பானை, குழந்தையின் பெயர் வெட்டிய வெள்ளிக் கிண்ணம், ஆபீஸ் டிபன் கேரியர். பக்கத்து விடுதியில் தங்கி ஐ.டி. கம்பெனிக்குப் போகும் நம்மூர்ப் பெண்கள் இரண்டு பேர், சொந்தமாகப் பாத்திரமே இல்லாமல், எலெக்ட்ரிக் கெட்டிலைக் கொண்டுவந்து நின்றார்கள். எல்லாவற்றையும் காகிமாவுக்குப் பயந்து புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெயில் பட்டு வரிசை முழுவதும் பளபளத்தது. இத்தனை வருஷம் இந்தப் பேட்டையில் இருந்திருக்கிறேன். வாசல் பலகையில் உள்ள பெயரை வைத்துத்தான் மனிதர்களைத் தெரியும். அவர்கள் வீட்டு அடுப்படியே எழுந்து நடந்துவந்து என் முன்னால் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். என் மனைவி முழங்கையால் இடித்து, "வாயைப் பொளந்துகிட்டு நிக்காம ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். கரண்டியில் முகந்து, பாத்திரத்துக்கு மேலே தூக்கி, மணிக்கட்டை மட்டும் சாய்த்தால் மஞ்சள் கிச்சுரி ஆவியோடு கயிறு போல இறங்கும். கடைசிச் சொட்டு விழுவதற்குள் மணிக்கட்டை வெட்டித் திருப்ப வேண்டும். இரண்டாவது பாத்திரத்திலேயே காகிமா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கண்ணை எடுக்கவில்லை.

நடுவில் வரிசை நின்றுவிட்டது. டாக்குரியா மார்க்கெட்டில் மீன் விற்பவர் வந்திருந்தார். போன வருஷம்வரை கூச்சம் இல்லாமல் டப்பா வாங்கிப் போனவர். இந்த வருஷம் அவர் கையில் இருந்தது ஒரு அலுமினியப் பேசின். தேய்த்துத் தேய்த்து அதன் அடியே மெலிந்துபோயிருந்தது. ஆனாலும் தினமும் அதில் என்ன கிடக்கும் என்பது வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் தள்ளியே நின்றார். பேசினைப் பின்னால் கொண்டுபோகவும் இல்லை, முன்னால் நீட்டவும் இல்லை.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. காகிமாவைப் பார்த்தார்கள்.

நான் கரண்டியில் முகந்து, வழக்கத்தைவிட இன்னும் உயரத்துக்குத் தூக்கினேன். அவர் ஒரு அடி முன்னால் வந்து பேசினை நீட்டினார். கிச்சுரி அதன் நடுவில் இறங்கியது. கரண்டி எதையும் தொடவில்லை. காகிமா பேசினைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், பிறகு என்னை முறைத்தார்.

"இவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு இதுதானா? இன்னும் ஊத்து. வீட்டுல பிள்ளைங்க இருக்காங்க" என்றார்.

எதை வைத்து மனிதர்களை விலக்கி வைத்தார்கள் என்று ஆயுசு முழுக்க ஆத்திரப்பட்டேனோ, அந்த வித்தையே அன்றைக்கு ஒரு பாத்திரத்தைக்கூட விலக்காமல் எல்லாவற்றையும் உள்ளே விட்டது. இதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. என் ஆத்திரமும் தப்பில்லை, அந்த நிமிஷமும் பொய்யில்லை. கை நோவோடு அடுத்த பாத்திரத்துக்கு ஊற்றினேன்.

அண்டா காலியானபோது பந்தலுக்குப் பின்னால் சால் இலைக் குவியல் மட்டும் கிடந்தது. செகரெட்டரி டப்பாக் கட்டுகளைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினார். பௌதி தன் பித்தளைத் தூக்கில் வாங்கிக்கொண்டு போய், தாதாவுக்கு ஊட்டினார். போகிற போக்கில் வானத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

மறுநாள் நவமி. மத்தியானச் சாப்பாடு முடிந்து சாய்ந்தேன். பந்தலில் தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று மேளச் சத்தம் அமுங்கியது, மழைச் சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்தது. படியிறங்கி வந்தேன். பௌதி ஏற்கெனவே நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே கட்டிலில் தாதா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டியைக் கட்டில் மேல் ஏற்றியாகிவிட்டது.

தெரு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டது. தண்ணீர் முதல் படிக்கு வந்தது. இரண்டாவது படிக்கு வந்தது. அதற்கு மேல் வாசற்படி, அதற்கப்புறம் தாதாவின் சிவப்புத் தரை. நான் குடையோடு குழியண்டை இறங்கினேன். ஒரு சால் இலைத் தட்டு மிதந்துவந்து சல்லடை மேல் உட்கார்ந்தது. என் உயிரே போய்விட்டது. குச்சியால் தொட்டேன். ஊறிப்போயிருந்த இலை கிழிந்து, உருண்டு, உள்ளே போய்விட்டது. அதன் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. பெரிய பசியோடு இருக்கிறவன் கஞ்சி குடிக்கிற மாதிரி அந்தக் குழி சத்தம் போட்டுக் குடித்தது. கல்கத்தா மழையில்தான் எனக்குத் தலை நரைத்தது. எங்கள் தெருவில் தண்ணீர் தானாக வழி கண்டுபிடித்துப் போவதை நான் பார்த்ததே இல்லை. குடையை மூடிவிட்டு நனைந்துகொண்டே நின்று பார்த்தேன்.

இரண்டாவது படியில் நின்ற தண்ணீர் அங்கேயே நின்றது. பிறகு, மழை விடுவதற்கு முன்னாலேயே, இறங்க ஆரம்பித்தது. படியில் ஒரு சேற்றுக்கோடு மட்டும் தங்கியது. பௌதி நிலையை விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷ மழையைவிட இது கொஞ்சம் குறைவு என்று செகரெட்டரி பிற்பாடு சொன்னார். இருக்கலாம். நான் அவரோடு வாதாடவில்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

தசமியன்று காலையில், அம்மனை ஆற்றுக்கு அனுப்புவதற்கு முன்பு, பௌதி மாடிப்படி அடியில் நின்று குரல் கொடுத்தார். "கொஞ்சம் கீழே வாங்க. செங்கலை எடுக்கணும்."

நானும் செகரெட்டரியும் இன்னும் இரண்டு பேரும் போனோம். மூலைக்கு ஒருவராக நின்று, தாதா படுத்திருக்கும்படியே கட்டிலைத் தூக்கினோம். பௌதி குனிந்து ஒவ்வொரு செங்கலாக உருவினார். பாசி பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என் மனைவி அவற்றை வாங்கி வாசலுக்கு வெளியே அடுக்கினாள். கட்டில் மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. திடீரென்று அந்த அறையின் கூரை உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பௌதி தாதாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்து, ஓரத்தில் உட்கார வைத்தார். அவர் கால்கள் பழக்கத்தில் தொங்கப் பார்த்தன. தொங்க இடம் இல்லை. இரண்டு பாதங்களும் சிவப்புத் தரையில் படிந்தன. அவர் குனிந்து அவற்றைப் பார்த்தார். இடது பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்தித் தரையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வலது காலின் கட்டை விரல் லேசாக அசைந்தது.

தாதா நிமிர்ந்து பௌதியைத் தேடினார். அவருக்கு மிச்சம் இருந்த வார்த்தைகளில் இல்லாத ஒரு வார்த்தை வந்தது.

"டாண்டா" என்றார். தரை சில்லென்று இருக்கிறதாம்.